எடுக்காத அழைப்புக்கு முழு மார்க்

ஜெகதாப்பட்டினத்துக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு நான் கம்ப்யூட்டர் எடுக்கிறேன். செல்போனில் வருவதையெல்லாம் அப்படியே நம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பத்திக்கொண்டு வரும். வேப்பிலைச் சாறு குடித்தால் சுகர் ஓடிப்போகும் என்று ஒரு மெசேஜ் வந்தால் போதும், அதை நாலு பேருக்குத் தள்ளிவிடாமல் இவர்களுக்குச் சோறு இறங்காது. இதற்குப் பரீட்சை வைத்து என்ன புண்ணியம்? மனப்பாடம் பண்ணி எழுதிவிட்டு, வெளியே போய் அதே மெசேஜைத் தட்டிவிடுவார்கள்.

அதனால் பரீட்சையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆளுக்கொரு ஃபைல் போடச் சொன்னேன். வீட்டுக்கு நிஜமாக வந்த தகவல்களை எடுத்துக்கொள்ள வேண்டும். எங்கிருந்து வந்தது, எப்படிச் சரிபார்த்தாய், என்ன முடிவுக்கு வந்தாய், அதனால் வீட்டில் என்ன மாறியது என்று அத்தாட்சியோடு ஒட்டி எழுத வேண்டும். மார்க் அதற்குத்தான்.

திருத்த உட்கார்ந்தபோதுதான் பிள்ளைகளின் லட்சணம் தெரிந்தது. ஒருத்தன் பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து பிரிண்ட் எடுத்திருந்தான். 'இங்கே உங்கள் பெயரை எழுதவும்' என்ற வரியைக்கூட அழிக்கவில்லை, தடியன். ஃபைலைத் தூக்கி எறியலாம் போல இருந்தது.

அடுத்து வந்தது மூன்றாவது பெஞ்சுப் பெண்ணின் ஃபைல். அவள் அப்பா விசைப்படகில் மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவர். ஒரு வாரத்துக்கு முன்னால் எல்லை தாண்டியதாகச் சொல்லி அவர் போன படகை இலங்கைக் கடற்படை பிடித்துவிட்டது. ஊரே அதே பேச்சாகக் கிடந்தது. முந்தின நாள்தான் பஸ் ஸ்டாப்பில் அவள் அம்மாவைப் பார்த்தேன். "மத்த ஆளுகளெல்லாம் எப்படியோ ஒரு தடவ வீட்டுக்குப் பேசிட்டாங்க டீச்சர். இந்த மனுசனுக்கு மட்டும் எங்க நெனப்பே வரல பாருங்க. இருக்காரா, அடிபட்டுக் கெடக்காரா, ஒண்ணுந் தெரியல" என்று அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதது.

பாவம், பிள்ளை என்னத்தை எழுதியிருக்கப் போகிறது என்று நினைத்துத்தான் பிரித்தேன். அடேயப்பா! அவ்வளவு சுத்தமான வேலை. போன் திரையைப் படம் எடுத்து ஒட்டியிருந்தாள். பக்கத்திலேயே எழுதியிருந்தாள்: "அம்மா போனுக்குத் தெரியாத நம்பரிலிருந்து திரும்பத் திரும்ப அழைப்பு வந்தது. வெளிநாட்டு நம்பரை எடுத்தால் பணம் போகும் என்று வகுப்பில் படித்தோம். அம்மாவை எடுக்க விடவில்லை. நெட்டில் தேடினேன். இதே போல் ஏமாற்றுவதாக எச்சரிக்கை இருந்தது. அது இலங்கை நம்பர். எங்களுக்கு அங்கே யாரும் இல்லை. ஆகவே மோசடி. பிளாக் செய்தேன். மாற்றம்: இனி அம்மா தெரியாத நம்பரை எடுக்க மாட்டார்."

இதுதானே நான் கரடியாய்க் கத்தியது! ஒருத்தியாவது காதில் வாங்கினாளே என்று பூரித்துப்போய் முழு மார்க் போட்டு, 'மிக நன்று' என்றும் எழுதிவிட்டு, ஃபைலை மூடப் போனேன்.

எங்களுக்கு அங்கே யாரும் இல்லை.

தூக்கிவாரிப் போட்டது எனக்கு. படத்தில் இருந்த தேதியைப் பார்த்தேன். படகு கரை திரும்பாமல் போன அன்றைய தேதி. மறுநாள் காலையில் ஃபைலை என் மேஜையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். பிடித்துவிட்டார்கள் என்ற சேதி ஊருக்கு வந்தது அதற்கப்புறம்தான். அடிப் பாவி மகளே, அது உங்க அப்பாடி!

இடைவேளையில் அவளை லேபுக்குக் கூப்பிட்டேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "ஏம்மா, இந்த நம்பர்..." என்று இழுத்தேன்.

"தெரியும் மிஸ்" என்றாள்.

"எப்ப தெரியும்?"

"சேதி வந்த அன்னைக்கே. ஒடனே பிளாக்கை எடுத்துட்டேன். பிளாக் பண்ணதுக்கப்புறமும் வந்திருக்கு மிஸ், போன்ல காட்டுது. திருப்பி அடிச்சுப் பாத்தேன். வேற யாரோ எடுத்தாங்க, பாஷை புரியல. இப்ப அடிச்சா சுவிட்ச் ஆஃப்."

அவள் அழவில்லை. அதுதான் என்னை இன்னும் கலக்கியது. "அம்மாட்ட சொன்னியா?" என்றேன்.

"இல்ல மிஸ். அம்மா அப்பாவத்தான் திட்டிக்கிட்டு இருக்கு." மேஜையில் கிடந்த ஃபைலைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அப்பா வந்து, 'போன் அடிச்சேனே, ஏன் எடுக்கல'ன்னு கேட்டா என்ன சொல்றது மிஸ்? மிஸ் எடுக்கக்கூடாதுன்னு சொன்னாங்கன்னு சொல்லட்டா?"

குத்திக்காட்டவில்லை அவள். என்னிடம் அனுமதிதான் கேட்டாள்.