கிளமென்ட்டின் கழுத்துச் சுரப்பிகள்

நெய்வேலி மைன்ஸில் வேலை பார்த்த கிளமென்ட், சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தார். அது பழகிப்போயிருந்தது. ஆனால் கொஞ்ச காலமாக எலும்பெல்லாம் வலித்தது. உடம்பு ஓயாமல் அரித்தது. குவார்ட்டர்ஸ் மாடிப்படியை உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறினார்.

"கழுத்துல தைராய்டுக்குப் பின்னாடி நாலு குட்டிச் சுரப்பி இருக்கு. கிட்னி கெட்டதால அது அளவுக்கு மீறி ஹார்மோனைச் சுரந்து எலும்புல இருக்கிற கால்சியத்தை உறிஞ்சுது," என்றார் டாக்டர் கிருஷ்ணப்ரியா. "சினகால்செட்னு ஒரு மாத்திரை தர்றேன். அதுக்கும் கேக்கலைன்னா ஆபரேஷன்தான்."

கிளமென்ட் தேவாலயப் பாடகர் குழுவில் பாடுகிறவர். கழுத்தில் கத்தி வைத்தால் குரல் போய்விடுமோ என்று அன்று அவருக்குச் சோறே இறங்கவில்லை. மாத்திரையைத் தவறாமல் விழுங்கினார். விழுங்கியதும் குமட்டியது. ஒருநாள் மாத்திரை அட்டையைத் தூக்கி எறிந்தார்.

"என்னால முடியாது லிடியா."

மனைவி லிடியா அதை எடுத்து வைத்துவிட்டு டாக்டருக்குப் போன் செய்தாள்.

"வெறும் வயித்துல போடக் கூடாதும்மா. சாப்பாட்டோட குடுங்க," என்றார் டாக்டர்.

குமட்டல் குறைந்தது. கால்சியம் ஒரேயடியாக இறங்கிவிடாதபடி அடிக்கடி ரத்தம் சோதித்து, டாக்டர் மாத்திரையின் அளவை மெல்லக் கூட்டினார். மழைக்காலம் முடிவதற்குள் அரிப்பு அடங்கியது, வலியும் தணிந்தது.

அடுத்த பரிசோதனை முடிவைப் பார்த்ததும் டாக்டர் நிமிர்ந்தார். "அந்தச் சுரப்பியோட ஹார்மோன் பாதிக்கு மேல எறங்கிடுச்சு. இப்போதைக்கு ஆபரேஷன் பேச்சே வேணாம். மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க."

கிளமென்ட் கர்சீப்பால் முகத்தை மூடிக்கொண்டார்.

"அழுவுறீங்களா?" என்றாள் லிடியா.

"வேர்க்குது," என்றார்.

ஏ.சி. ஓடிக்கொண்டிருந்த அந்த அறையில் மூன்று பேருமே சிரித்துவிட்டார்கள்.