நூற்றிருபது பாட்டும் ஒரு வள்ளமும்

போரில் இடம்பெயர்ந்து திரும்பியபின் வந்த முதல் பெருநாள். அதற்குள் ஒரு பாட்டுப் புத்தகம் அச்சில் வந்தாக வேண்டும் என்று எங்கள் கத்தோலிக்கக் கோவில் பாட்டுக்குழு அக்கா பிடிவாதமாக நின்றார். பழைய புத்தகங்கள் ஓடின ஓட்டத்தில் போய்விட்டன. அவர் ஞாபகத்திலிருந்து பாடப்பாட, நாரந்தனைக் கோவில் அறையில் நான் தட்டச்சுச் செய்தேன். கனடாவிலிருந்து யாரோ அனுப்பிய பழைய கணினி, சுவாமியாரின் ஜெனரேற்றர், தானாகப் பழகிய என் கை.

ஒவ்வொரு பாட்டாய் அடித்து, நூற்றிருபதையும் ஒன்றாய்ச் சேர்த்துத் திறந்தேன். நினைவகம் போதாது என்று திரையில் ஒரு வரி. பெருநாளுக்கு ஐந்து நாள்தான் இருந்தது. தனித்தனியாய் அச்சடிப்போமா என்றேன். பக்க எண் இல்லாத புத்தகத்தை வைத்துக்கொண்டு ஆர் பாடுறது என்று அக்கா கேட்டார்.

நான் செய்த முதல் கெட்டித்தனம், கணினியின் வன்வட்டில் கிடந்த பழைய கடிதங்களையெல்லாம் அழித்தது. அதே வரி. பிறகு பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய் நினைவகச் சில்லு வாங்கிவந்து பூட்டினேன். கணினி நாலு மெகாபைட் என்று பெருமையாக எண்ணிக் காட்டியது. புத்தகத்தைத் திறந்தால் அதே வரி.

"தம்பி, எவ்வளவு தீத்தினாலும் உம்மடை பெட்டி பசிக்குது எண்டுதே" என்றார் அக்கா.

கணினியோடு வந்த ஆங்கிலக் கைநூலைப் பிரித்துத் தமிழில் சொல்லிப் பார்த்தேன். டொஸ் என்ற அடிப்படை மென்பொருளுக்கு முதல் 640 கிலோபைட்தான் கைக்கெட்டும். மிச்சத்தைச் சிறிய வாசல் ஒன்றின் வழியே துண்டுதுண்டாய் மாற்றி மாற்றித்தான் காட்டலாம். மூன்றுதரம் படித்தும் எனக்குப் பிடிபடவில்லை. அக்காவைக் கூட்டிப்போக வந்த அவருடைய கணவர், கடற்றொழில் செய்யும் அண்ணை, கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"இதிலை என்ன விளங்காமல் கிடக்கு? எங்கடை கரையிலை தண்ணி குறைவு. பெரிய போட் வெளியிலை நிக்கும். வள்ளம் போய்ப்போய் ஏத்திக்கொண்டு வரும். நீர் உம்மடை வள்ளக்காரனைக் கூப்பிடும்."

வள்ளக்காரன், அந்தத் துண்டுகளை மாற்றித்தரும் சிறிய மென்பொருள், வன்வட்டிலேயேதான் படுத்திருந்தார். கணினி தொடங்கும்போது படிக்கும் கோப்பில், அவரை எழுப்ப ஒரேயொரு வரி எழுதினேன். எழுத்து மென்பொருளுக்கு அவரோடு வேலைசெய்யத் தெரிந்திருந்தது. புத்தகம் திறந்தது. பக்கம் புரட்டும்போது திரை சற்றுத் தயங்கினால், வள்ளம் போயிருக்குது, பொறும் என்பார் அண்ணை.

அச்சுப்பொறி கடைசித் தாளைத் தள்ளும்போது அக்காவுக்கு இன்னுமொரு பாட்டு ஞாபகம் வந்தது. நான் அண்ணையைப் பார்த்தேன்.

"என்னை ஏன் பாக்கிறீர்? வள்ளத்தை விடும்."

நூற்றிருபத்தோராவது பாட்டை அக்கா பாடத் தொடங்கினார்.