முக்கால் அடிச் சரிவு

எங்கள் ஒன்றிய அலுவலகத்தில் இரும்பு பீரோவுக்குப் பின்னால் ஒரு மரக்கோல் சாத்தி வைத்திருக்கிறது. தரையின் மேடு பள்ளம் அளக்கும்போது நட்டமாகப் பிடிக்கிற கோல். உடம்பெல்லாம் கறுப்பும் சிவப்புமாக எண்கள். அதன் அடியில் முழங்கால் உயரத்துக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு கறை. காய்ந்த சாக்கடைச் சேறு. அறையைப் பெருக்க வரும் பெண் இரண்டு முறை துடைக்கப் பார்த்தாள். "அது இருக்கட்டும்மா" என்று தடுத்துவிட்டேன். ஏன் என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியவில்லை.

ஒரகடம் பக்கத்தில் எங்கள் நிலம் தொழிற்பேட்டைக்குப் போன பிறகு, பத்தாம் வகுப்பு படிப்பை வைத்துக்கொண்டு இந்த ஆபீசில் தற்காலிகப் பணியாளாகச் சேர்ந்தேன். அந்தக் கோலைப் பிடிப்பதுதான் வேலை. நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிற எனக்கு அது பிடித்திருந்தது. கோல் பிடிப்பவன் பேச வேண்டியதில்லை, அசையாமல் நின்றால் போதும். தூரத்தில் முக்காலியில் நிற்கும் கருவி வழியாக ஓவர்சியர் எண்ணைப் படித்துப் புத்தகத்தில் எழுதுவார். எழுதியதும் வலது கையைத் தலைக்கு மேல் உயர்த்துவார். அப்போதுதான் நான் நகரலாம்.

எங்கள் ஓவர்சியர் ஒரு பெண். என்னைவிடச் சின்னவர். மணிமங்கலத்திலிருந்து ஸ்கூட்டியில் வருவார். என்னை அண்ணே என்பார், நான் மேடம் என்பேன். அந்தப் பழைய கருவியில் பார்த்தால் எல்லாமே தலைகீழாகத் தெரியும். ஒருநாள் என்னைப் பார்க்கச் சொன்னார். கம்பெனி மதில் மேலே தொங்கியது, வானம் கீழே கிடந்தது. திகைத்துப்போய் விலகிக்கொண்டேன். "எனக்கு நீங்க எப்பவுமே தலைகீழாத்தாண்ணே தெரியிறீங்க. ஆனா ஒரு நூல் அசைய மாட்டீங்க" என்று சிரித்தார். என் வேலையை அதற்கு முன்பு யாரும் பாராட்டியதில்லை.

வயலாக இருந்த இடமெல்லாம் மனையாகி, மனையெல்லாம் வாடகை அறைகளான காலம் அது. தெற்கத்திப் பிள்ளைகள் அறைக்கு ஆறு பேராகத் தங்கி ஷிப்டுக்குப் போய் வந்தார்கள். வீடுகள் வந்த அளவுக்குத் தண்ணீர் போக வழி வரவில்லை. அப்படி ஒரு தெருவுக்கு வடிகால் திட்டம் போட எங்களை அனுப்பினார்கள். தெருமுனையிலிருந்து ஏரிக் கால்வாய் வரை சரிவு மிகக் குறைவு. "ஒவ்வொரு விரக்கடையும் முக்கியம்ணே. இத விட்டா இவங்களுக்கு வேற வழியில்ல" என்றார் மேடம்.

கடைசி அளவு கால்வாயின் அடிமட்டத்தில் எடுக்க வேண்டும். விடுதிகளின் சாக்கடை வந்து தேங்கி, அங்கே முழங்கால் ஆழத்துக்குச் சேறு. எதிர்க்கரையில் கம்பெனி பஸ்ஸுக்காகப் பத்துப் பதினைந்து பெண்கள் நின்றிருந்தார்கள். பேண்ட்டைத் தொடைவரை சுருட்டிக்கொண்டு அவர்கள் கண்ணெதிரே அந்த நாற்றத்தில் இறங்க எனக்கு வெட்கமாக இருந்தது. ஓரமாகச் சேற்றில் ஓர் உடைந்த சிமெண்ட் பலகை கிடந்தது. அதன்மேல் நின்று, அதன்மேலேயே கோலை வைத்தேன். கோரைப் புல் மறைத்ததால் கோலின் அடி மேடத்துக்குத் தெரியாது.

"தரையிலதானேண்ணே வச்சிருக்கீங்க?" என்று கத்திக் கேட்டார்.

தலையாட்டினேன். வலது கை உயர்ந்தது.

அன்று மாலை புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே, "இன்னும் கொஞ்சம் பள்ளமா இருக்கும்னு நெனச்சேன்" என்றார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "நீங்க புடிச்சா சரியாத்தான் இருக்கும்" என்று மூடிவிட்டார். அந்த நிமிடத்தில் நான் சொல்லியிருக்கலாம். மறுநாள் போய் இறங்கியிருந்தால் முடிந்திருக்கும்.

கால்வாய் உண்மையில் இருப்பதைவிட முக்கால் அடி உயரமாகப் பதிவாகியிருந்தது. அந்த உயரத்தில் போய் முடியும்படி வடிகாலைக் கட்டினார்கள். மொத்தச் சரிவே ஒரு அடிதான். அதில் முக்கால் அடியை நான் தின்றுவிட்டேன். வடிகாலில் தண்ணீர் ஓடவில்லை, நின்றது. மண் படிந்தது. அடுத்த ஐப்பசி மழையில் சாக்கடையும் மழைநீரும் சேர்ந்து அறைகளுக்குள் ஏறின. நாலு நாள் வடியவில்லை. ராமநாதபுரத்துப் பையன் ஒருவன் நனைந்துபோன ஐடிஐ சான்றிதழ்களைத் துணி காயப்போடும் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்தான். "எங்கூர்ல தண்ணி இல்லாம சாகுறோம்னு இங்க வந்தா, இங்க தண்ணியிலயே சாகணும் போலயே மேடம்" என்றான். உள்ளூர் அம்மாள் ஒருத்தி விடவில்லை. "இன்னாம்மா ஓவர்சியரம்மா, கால்வா கட்னியா, கொளம் கட்னியா? படிச்சிட்டுத்தான் வந்தியா, இல்ல சும்மா வந்துகினியா?"

தொடையளவு தண்ணீரில் நின்று மேடம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன்.

தண்ணீர் வடிந்த பிறகு ஒரு காலையில் என்னை அழைத்துக்கொண்டு அதே இடத்துக்குப் போனார். கருவியை நிறுத்தினார். "இன்னிக்கு நீங்க பாத்துச் சொல்லுங்கண்ணே. நான் புடிக்கிறேன்" என்று கோலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

கண்ணை வைத்துப் பார்த்தேன். மேடம் தலைகீழாகச் சேற்றில் இறங்கிக்கொண்டிருந்தார். வெள்ளத்தில் கோரைப் புல் சாய்ந்துபோயிருந்தது; சிமெண்ட் பலகை அங்கேயே கிடப்பது தெரிந்தது. அதைப் பார்த்தார், சற்று நின்றார், தாண்டிப் போனார். முழங்கால்வரை புதைந்து, கோலை அழுத்திக் கெட்டித் தரையில் ஊன்றினார். எண்ணைப் படித்துச் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் முறை சொன்னேன். கையை உயர்த்த வேண்டும் என்பதும் மறந்துபோயிற்று. அவர் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

கரையேறி வந்து, முழங்கால் உயரத்துக்குச் சேறு ஒட்டியிருந்த கோலை என்னிடம் கொடுத்துவிட்டுப் புத்தகத்தில் கூட்டிக் கழித்தார். பக்கத்து வீட்டுக் குழாயடியில் கால் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "அன்னிக்கு நான்தான் தப்பா எழுதிட்டேன் போல" என்றார்.

அறிக்கையிலும் அப்படியே எழுதிக் கொடுத்தார். தற்காலிக ஆளை நிறுத்த ஒரு வரி போதும் என்று அவருக்குத் தெரியும். அவருக்கு மெமோ வந்தது, பிறகு தூர மாவட்டத்துக்கு மாற்றல். புறப்பட்ட அன்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டதுபோலத்தான் என்னிடமும் சொன்னார். "வரேண்ணே. உடம்பப் பாத்துக்கங்க."

சில வருடம் கழித்து கிளார்க் டீ குடித்துக்கொண்டே, "நம்ம பழைய ஓவர்சியரம்மா தவறிட்டாங்களாமே, தெரியுமா? ரொம்ப நாளா உடம்பு முடியலயாம்" என்றார். நான் தலையாட்டினேன். எனக்குத் தெரிந்தது தலையாட்டுவது ஒன்றுதான்.

இந்த வருடம் அதே தெருவுக்குப் புதிய திட்டம். புது இன்ஜினியர் சின்னத் திரை வைத்த கருவியோடு வந்திருந்தார். பழைய அறிக்கையைப் புரட்டி, "முன்னாடி இருந்தவங்க லெவல தப்பா எழுதிட்டாங்க, அதான் இவ்ளோ பிரச்சன" என்றார். அவருடைய மெல்லிய அலுமினியக் கோலை வாங்கிக்கொண்டு நான் கால்வாயில் இறங்கினேன். எதிர்க்கரையில் இன்றும் பெண்கள் நின்றிருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தி மட்டும், "அண்ணாச்சி, பாத்து எறங்குங்க, சறுக்கும்!" என்றாள். அன்று நின்றவர்களும் அதைத்தான் சொல்லியிருப்பார்களோ என்னவோ.

கெட்டித் தரை தட்டும்வரை ஊன்றிப் பிடித்தேன். கருவி பீப் என்றது. நான் கை உயர்வதற்காகக் காத்திருந்தேன். "முடிஞ்சிதுண்ணே, மேல வாங்க" என்று அவர் இரண்டு முறை கூப்பிட்ட பிறகே உணர்ந்தேன்.

கரையேறியதும் சொன்னேன். "சார், அந்த மேடம் சரியாத்தான் எழுதினாங்க. கோல தரையில வைக்காம பலகை மேல வச்சது நான்."

அவர் திரையிலிருந்து நிமிரவில்லை. "விடுங்கண்ணே, எப்பவோ நடந்தது."

மாலையில் ஆபீசுக்கு வந்து பீரோவின் பின்னாலிருந்து மரக்கோலை வெளியே எடுத்தேன். பக்கத்தில் என் காலை வைத்துப் பார்த்தேன். பேண்ட்டில் ஒட்டியிருந்த சேறு, கோலில் இருந்த கறையைவிட இரண்டு விரல் மேலே இருந்தது.