கல்லுப்பட்டியில் ரெண்டு மணி, வேல்ஸில் ஒம்பதரை

போனில் அப்பாயின்ட்மெண்ட் போடுறவளுக்கு முதல் பாடம், தன் ஊர் மணியை மறக்கிறது. ரெண்டு கடிகாரத்துக்கு நடுவில் மாட்டிக்கிட்ட சகபாவிகளே, உங்களுக்குத்தான் இது. நான் இருக்கிறது டி. கல்லுப்பட்டி. போன் எடுக்கிறது வேல்ஸ் நாட்டுச் சின்ன ஊரில் இருக்கிற ஒரு கால்நடை ஆஸ்பத்திரிக்கு. ஆறு மாசம் பார்ப்போம், சரிவரலேன்னா நிறுத்திருவோம்னு சொல்லித்தான் சேர்த்தாங்க. மறுபடி ஜவுளிக்கடையில் பத்து மணி நேரம் கால்கடுக்க நிக்கிறதில்லைன்னு நானும் முடிவோடதான் ஹெட்போனை மாட்டினேன்.

ஆட்டுச் சத்தம்

முதல் வாரம். மத்தியானம் ரெண்டு மணி. அங்கே காலை ஒம்பதரை. செம்மறியாட்டுக்கு ஊசி போட நேரம் கேட்டு ஒரு விவசாயி கூப்பிட்டார். கொல்லையில் எங்க வெள்ளாடு விடாமல் கத்துது. கதவைச் சாத்தியும் கேக்குது. போச்சு, இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிருவாங்கன்னு வேர்த்துப்போச்சு. அவர் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டுட்டுச் சொன்னார்: "அது பசியில கத்துதும்மா. நான் லைன்லயே இருக்கேன், நீ எதையாவது போட்டுட்டு வா."

காணாமப்போன ஒரு மணி நேரம்

அக்டோபர் கடைசியில் ஒரு திங்கக்கிழமை. வழக்கம்போல ஒன்றரைக்கு உக்காந்தேன். ஒரு போன்கூட வரலை. ஆஸ்பத்திரிக்கு அடிச்சா எடுக்க ஆளில்லை. சொல்லாமலே ஆளை மாத்திட்டாங்கன்னு நெனச்சு அழுதே விட்டேன். ரெண்டரைக்கு அங்கே வேலை பார்க்கிற நர்ஸம்மா லைனுக்கு வந்தாங்க. குளிர்காலத்துக்காக நாடே முந்தாநாள் ராத்திரி கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால தள்ளி வச்சிருச்சாம். எங்க ஊர்ல அப்படி வழக்கமே இல்லைன்னேன். நம்பாமக் கேட்டாங்க: "அப்ப நீங்க கடிகாரத்தைத் தொடவே மாட்டீங்களா?"

வெள்ளிக்கிழமை பத்தரை

டிசம்பர் கடைசியில், ஆறு மாசக் கெடு முடியுற அன்னிக்கு டாக்டரே கூப்பிட்டார். நாய், பூனைக்கு ஆபரேஷன் வெள்ளிக்கிழமை மட்டும்தான். அன்னிக்குப் பத்தரையிலேருந்து பன்னெண்டு வரைக்கும் ஒரு தடவைகூட ஏன் நீ யாரையும் போடலைன்னு கேட்டார்.

பொய் சொல்லலாம்தான், ஆனா ஆறு மாசமா நேர்மையாப் பாடுபட்டவளுக்கு மனசு வரலை. "அது ராகு காலம் டாக்டர், எங்களுக்கு ஆகாத நேரம். எந்த ஊர் மணிக்குப் பாக்குறதுன்னு குழம்பினேன். கத்தி படுறது அங்கதானே, அதனால அங்கத்த மணிக்கே ஒதுக்கிட்டேன். ஆனா ஒரு ஆபரேஷனும் விட்டுப்போகலை, முன்னயும் பின்னயும் நெருக்கிப் போட்டிருக்கேன்" என்றேன்.

அவர் மெதுவாச் சொன்னார்: "முதியோர் இல்லத்துல இருக்கிற எங்கம்மாவை அந்த நேரத்துலதான் வாராவாரம் போய்ப் பார்த்துட்டு வாரேன். ஜனவரியிலயும் அப்படியே காலியா வை."

என்னை வேலையில் நிலைக்க வச்சது என் இங்கிலீஷா, உழைப்பா, ராகுவான்னு யாராவது கேட்டா, லைன்ல ஆள் இருக்காங்கன்னு சொல்லித் தப்பிச்சுக்கிறேன்.