சைக்கிள் மட்டும் வீடு வந்த நாள்

1983 ஜூலை 26, செவ்வாய்க்கிழமை.
காலை 7.10: அணிவத்தை வீட்டிலிருந்து சைக்கிளில் புறப்பட்டேன்.
7.45: பேராதனை அலுவலகம்.
பிற்பகல்: கண்டி நகரில் தமிழர் கடைகள் எரிவதாகத் தகவல்.
3.30: சைக்கிள் வேறொருவரிடம் ஒப்படைக்கப்பட்டது.
மாலை: ஊரடங்கு.
மறுநாள் முற்பகல்: வீடு திரும்பினேன்.

அந்த ஆண்டின் தொடக்கத்தில் என் இரத்தத்தில் சீனி கூடியிருப்பதைக் கண்ட வைத்தியர், தினமும் உடல் வியர்க்கவேண்டும் என்றார். யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்கு அதற்கு ஒரே வழிதான் தெரியும். அங்கு நிலம் தட்டை. நீதவானும் மீன் விற்பவரும் சைக்கிளில்தான் போவார்கள். கண்டியிலோ மேடும் பள்ளமும். கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு சைக்கிளில் வேலைக்குப் போகும் அரச உத்தியோகத்தன், என் பாதையில் நான் ஒருவனே. அணிவத்தை மேட்டில் இறங்கித் தள்ளித்தான் ஏறுவேன். புசல்லாவையிலிருந்து வந்து எங்கள் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தவர் அதை ஒருநாள் பார்த்துவிட்டார். "சைக்கிள் உங்கள கூட்டிக்கிட்டு வர்றதா தெரியல, சேர். நீங்கதான் அத வேலைக்குக் கூட்டிக்கிட்டுப் போறீங்க" என்றார். வீட்டில் இதைச் சொன்னபோது என் மனைவி வெகுநேரம் சிரித்தாள். ஆனால் அவளுக்குப் பயமும் இருந்தது. இந்த ஊரில் சைக்கிளே என்னை இன்னாரென்று காட்டிக்கொடுக்கும் என்பாள். நான் சீனியின் அளவைச் சொல்லி வாயை அடைத்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, நகரத்தின் பக்கம் புகை எழுந்ததும் மேலதிகாரி என்னை வெளியே விட மறுத்தார். தமது விடுதியில் தங்கச் சொன்னார். அவர் சிங்களவர். வீட்டில் மனைவி தனியே. தொலைபேசி கிடையாது. பல்லேகலவில் வசித்த சிற்றூழியர் ஒருவர், வழியில் எங்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்வதாக முன்வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. அவளுக்குச் சிங்களம் தெரியாது. கடிதம் எழுத எடுத்த தாளை நானே மடித்து வைத்துவிட்டேன். தமிழில் எழுதிய கடிதம் சட்டைப்பையில் இருப்பது அன்று அவருக்கு ஆபத்து. அதனால் சைக்கிளைக் கொடுத்தேன். என் சைக்கிளைக் கண்டால் நான் அனுப்பிய ஆள் என்று அவள் விளங்கிக்கொள்வாள் என்பது என் கணக்கு. கெட்டித்தனமான ஏற்பாடு என்றுகூட நினைத்தேன்.

அவள் யன்னல் சீலையின் இடுக்கால் பார்த்திருக்கிறாள். என் சைக்கிளை அறியாத ஒருவர் தள்ளிக்கொண்டு வருகிறார். சுவரில் சாத்துகிறார். மூடிய கதவின் முன் நின்று, தலையைக் குனிந்து, மெதுவாக ஏதோ சொல்கிறார். பிறகு நடந்து போய்விடுகிறார். அந்த மனிதர் அக்கம்பக்கத்தாருக்குக் கேட்கக்கூடாதென்று குரலைத் தாழ்த்தியிருக்கிறார். அவளோ அதைச் சாவு சொல்ல வந்தவரின் குரலாக எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் மேலதிகாரி ஜீப்பில் கொண்டுவந்து விட்டார். கதவைத் திறந்தவளின் நெற்றியில் பொட்டு இல்லை. தமிழரென்று தெரிந்துவிடும் என்ற பயத்தில் பல பெண்கள் அன்று பொட்டை அழித்திருந்தார்கள். இவளும் அப்படித்தான் என்று எண்ணினேன். புத்திசாலித்தனம் என்று பாராட்டவும் செய்தேன். அவள் என் கையைத் தொட்டுப் பார்த்தாள். தேநீர் கொண்டுவந்து வைத்த பிறகே காரணத்தைச் சொன்னாள்.

"இனிமேல் சைக்கிளை ஒருத்தரிட்டையும் குடுத்தனுப்பாதேங்கோ. வாறதெண்டால் நீங்கள் வாங்கோ. இல்லாட்டி ஒண்டும் வரவேண்டாம்."

ஓம் என்றேன். சைக்கிள் ஓடாதேங்கோ என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பேன் என்று இன்று எழுதுவது எளிது. யுத்தம் நீண்ட ஆண்டுகளிலும், ஓய்வுபெறும்வரை ஓட்டினேன். சோதனைச் சாவடிகளில் குண்டு இருக்கிறதா என்று ஆசனத்தைக் கழற்றிக் குழாய்க்குள் பார்த்தார்கள். கழற்றும் சாவியை நானே கொண்டு போவேன். மேட்டின் வளைவில் மூன்று முறை மணியடிப்பேன். அந்த ஓசைக்குப் பிறகுதான் அவள் அடுப்பில் தண்ணீர் வைப்பாள். அவள் முழுதாக ஒரு மாலையும் ஓர் இரவும் விதவையாக இருந்தவள். அதன்பின் ஒவ்வொரு மாலையும் அந்த வளைவுவரை அவள் எப்படி இருந்தாள் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை.

சென்ற மாசியில் அவள் காலமானாள். சைக்கிள் விறாந்தையில் நிற்கிறது.

செய்யாமல் கிடப்பவை:
பின்சில்லுக்குக் காற்றடிக்கவேண்டும்.
சீனி மறுபடி கூடியிருக்கிறது; வைத்தியரிடம் போகவேண்டும்.
பல்லேகலவுக்குப் போய், அந்த மனிதர் இருந்தால், அவள் மறைவை நேரில் சொல்லவேண்டும்.
சைக்கிளைக் கேட்டு வந்த அயலவருக்கு, தரமுடியாது என்று பதில் சொல்லவேண்டும்.