ஏழு மில்லிமீட்டர் ஏகாம்பரம்

ஏகாம்பரம் இறந்த செய்தியை எனக்குச் சொன்னது ஒரு சுவர். மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்து வருகிறேன்; வெற்றிலைபாக்குக் கடைப் பக்கத்துச் சுவரில், பசை காயாத சுவரொட்டியில், கோட்டுப் போட்டுக்கொண்டு அவர் சிரிக்கிறார். கோட்டு அவருடையது அல்ல, ஸ்டூடியோக்காரருடையது. தோள் இரண்டு விரல் தொங்கியது. துணி விஷயத்தில் தன்னை மிஞ்ச ஆரணியில் ஆள் இல்லை என்று ஆயுள் முழுவதும் சொன்ன மனிதர், உடம்புக்குப் பொருந்தாத கோட்டோடு விடைபெற்றிருந்தார்.

படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில், 'ஆரணி மைந்தனை ஆழ்கடலுக்கு அனுப்பிய அண்ணல்' என்று போட்டிருந்தார்கள். அந்த மைந்தன் என் மகன் ஜெரோம். அவனை அனுப்பியது அவர் அல்ல. தனக்கே தெரியாமல், அவனைப் போகவிடாமல் செய்யப் பாடுபட்டவர் என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும்.

மறுநாள் அவருடைய மூத்த மகன் வந்து, பதினாறாம் நாள் நினைவு மலருக்கு நான் எழுத வேண்டும் என்றான்.

"நாலு வார்த்த நல்லதா எழுதிக் குடுங்க டீச்சர்."

"நல்லதாவா, நடந்ததாவா?"

"உங்கள யாரு டீச்சர் கேக்க முடியும்? உங்க இஷ்டம்."

ஆகையால் நடந்ததை எழுதுகிறேன். அவரை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இராது. அறியாதவர்கள் மலரின் மற்றப் பக்கங்களைப் படித்துக்கொள்ளலாம். அங்கே எல்லாரும் அவரை வள்ளல் என்றே எழுதியிருப்பார்கள்.

என் கணவரை அடக்கம் செய்துவிட்டு வீடு திரும்பிய அன்று, அப்போது அடுத்த வீட்டில் இருந்த பட்டுக்கடை ஏகாம்பரம் ஜெரோமின் தோளில் கை போட்டு, "இனிமே உங்கப்பா ஸ்தானத்துல நான் கீறேன்" என்றார். அந்த இடத்தை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. காலியாக இருக்கும் நாற்காலியைப் பார்த்தால் உட்கார்ந்துவிடுவது அவர் வழக்கம். பள்ளி ஆண்டு விழாவிலும் அப்படித்தான், முதல் வரிசையில்.

எழுபத்தொன்பதாம் ஆண்டு, பட்டம் வாங்கிவிட்டு வேலை இல்லாமல் இருந்த ஜெரோமுக்கு ஓர் அழைப்பு வந்தது. தெற்கே மண்டபம் கடற்கரைப் பக்கத்தில் கடலுக்கடியில் பவளப் பாறைகளை ஆராயும் ஒரு குழு, நன்றாக நீந்தத் தெரிந்த பட்டதாரிகளைக் கோடையில் பயிற்சிக்கு எடுக்கிறது. தேறினால் நிரந்தர வேலை. பக்கத்து ஊரான சேவூரின் கிணறுகளில் நீந்தி வளர்ந்த பையனுக்கு இதைவிட என்ன வேண்டும்? மூச்சுக் கருவியும் காற்று உருளையும் அவர்கள் தருவார்கள். முக்குளிக்கும்போது அணியும் ரப்பர் உடுப்பை மட்டும் அவனவன் கொண்டுவர வேண்டும். வெட்சூட் என்று அதற்குப் பெயர்.

தேறாவிட்டால் என்ன என்பதையும் ஏகாம்பரம் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருந்தார். "ஆகலன்னா பேஜாரே வாணாம் டீச்சர். நம்ம கடையில கல்லாவுல ஒக்காந்துகினு கணக்கு எழுதட்டும்." இதை அவர் ஆறுதலாகச் சொன்னார். எனக்கு அது தீர்ப்பாகக் கேட்டது. அவருடைய கல்லாவில் உட்கார்ந்த எந்தப் பையனும் பிறகு எழுந்ததில்லை. அவர் பேசப் பேசத் தலையாட்டியே அவர்களுக்குக் கழுத்து தளர்ந்துபோயிருந்தது. என் மகன் அந்த வரிசையில் சேரக் கூடாது என்பது ஒன்றுதான் அன்று என் கவலை.

உடுப்பைத் தானே வாங்கித் தருவதாக ஏகாம்பரம் அறிவித்தார். வாங்கித் தருபவர் என்பதால் தேர்ந்தெடுப்பவரும் அவரே. குழு அனுப்பிய ஆங்கிலக் குறிப்பை நான் அவருக்குப் படித்துச் சொன்னேன். வெதுவெதுப்பான கடலுக்கு மூன்று மில்லிமீட்டர் தடிமன் போதும். தோலோடு தோலாகப் பிடித்திருக்க வேண்டும். உள்ளே கசியும் கொஞ்சம் தண்ணீரை உடம்பின் சூடு வெதுவெதுப்பாக்கும். உடுப்பு தொளதொளவென்று இருந்தால் அந்தத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், உடம்பு குளிர்ந்துவிடும். மடிக்கக் கூடாது, அகலமான தோள் உள்ள மாட்டியில் நிழலில் தொங்கவிட வேண்டும். எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு திறந்து, "தண்ணி உள்ள பூரும்னு அவனே சொல்றான் பாருங்க. அப்போ அது இன்னா துணி?" என்றார்.

சென்னையில் துறைமுகத்தை ஒட்டி, கப்பல்காரர்கள் விற்றுவிட்டுப் போகும் சாமான்களுக்கான ஒரு கடை இருந்தது. மூவரும் போனோம். கடைக்காரர் இரண்டு உடுப்புகளை எடுத்துப் போட்டார். ஒன்று மெல்லியது, ஜெரோமின் உயரத்துக்கு ஏற்றது. மற்றது ஏழு மில்லிமீட்டர். ஆளைவிட ஓர் அளவு பெரியது.

"சார், தடியா இருக்கிறது குளிர்க் கடலுக்கு. நம்ம பக்கத்துக்கு இதான் கரெக்ட்" என்றார் கடைக்காரர்.

அதோடு மெல்லியதன் கதை முடிந்தது. வியாபாரி எதைத் தள்ளிவிடப் பார்க்கிறாரோ அதை வாங்கக் கூடாது என்பது ஏகாம்பரத்தின் தொழில் பாடம். அவர் கடையில் அவரே அப்படித்தான் தள்ளுவார். இரண்டையும் கைக்கொன்றாகத் தூக்கிப் பார்த்தார், புடவையைத் தூக்கிப் பார்ப்பதுபோல. மெல்லியதைக் கீழே போட்டார்.

"இது ஜாக்கெட்டுக்கு வெக்கிற லைனிங். கனம் பொய் சொல்லாது டீச்சர்."

"அளவு பெரிசு, மிஸ்டர் ஏகாம்பரம்."

"கல்யாணம் ஆனா ஒடம்பு போடுவான் இல்ல? நீங்க இங்கிலீஷ் பாருங்க. துணிய நான் பாத்துக்கறேன்."

ஜெரோம் என் காதருகே, "விடும்மா. வாங்கிக் குடுக்கறவரு மனசு கஷ்டப்படும்" என்றான். தன் உயிர் எதற்குள் இருக்கப் போகிறது என்பதைவிட ஏகாம்பரத்தின் மனசு பெரிதாகப் பட்டது அவனுக்கு. தலையாட்டும் பயிற்சி அப்போதே தொடங்கிவிட்டிருந்தது.

உடுப்பு என் வீட்டுக்கு வரவில்லை. பட்டு வைக்கிற பீரோ தன்னிடம்தான் இருக்கிறது என்று ஏகாம்பரம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் மனைவி கமலம்மா நல்ல பெண்மணி. கணவர் சொன்னதைக் குறைவில்லாமல் செய்பவர். கழுத்தோரத்தில் மஞ்சள் வைத்து, நான்காய் மடித்து, மேலே பலகை போட்டு அழுத்தி, பாச்சை உருண்டையும் போட்டு வைத்தார். பட்டுப் புடவையை ஒரே மடிப்பில் விட்டால் மடிப்போரத்தில் இழை விட்டுப்போகும். அதனால் அவ்வப்போது பிரித்து வேறு விதமாக மடித்து வைப்பது எங்கள் ஊர்ப் பெண்கள் அனைவருக்கும் பழக்கம். கமலம்மா அந்த ரப்பரையும் வாரம் தவறாமல் மடிப்பு மாற்றி வைத்தார். அது காற்றுக் குமிழிகள் நிறைந்த ரப்பர். ஒருமுறை நசுங்கிய இடம் மறுபடி எழும்பாது. ஒரே மடிப்பில் விட்டிருந்தால் இரண்டு கோடுகளோடு போயிருக்கும். பட்டுக்குக் காட்டிய பக்தியால், நெஞ்சிலும் முதுகிலும் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் விழுந்தன.

சித்திரை மாதம், மண்டபம் புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பு, சேவூரில் ஒரு வயல் கிணற்றில் வெள்ளோட்டம் வைத்தார் ஏகாம்பரம். வெள்ளோட்டம் என்றால் ஊரே வர வேண்டும் அல்லவா? தறியிலிருந்து எழுந்து வந்தவர்கள் கிணற்றைச் சுற்றி நின்றார்கள். ஜெரோம் உடுப்பை ஏற்றிக்கொண்டு வந்தான். வெயில் கொதித்தது. அவன் முகம் பழுத்த தக்காளிபோல் ஆகிவிட்டது.

"இன்னாடா, எருமைக்குச் சட்ட போட்டாப்ல கீது!"

"எருமயாவது தண்ணில முழுவும். இவன் முழுவுவானா பாரு."

சொன்னவன் வாய்க்குச் சர்க்கரை போடலாம். ஜெரோம் குதித்தான், உடனே மேலே வந்தான். தலைகீழாக உதைத்தான், பின்பக்கம் மட்டும் தண்ணீருக்கு மேலே நின்றது. நசுங்கிய கோடுகள் போக மிச்சமிருந்த ரப்பரே அவனைத் தக்கைபோல் தூக்கிப் பிடித்தது. பெரிய அளவு என்பதால் கை கால்களில் தண்ணீர் புகுந்து உப்பிக்கொண்டது. சேவூர்க் கிணற்றில் அடிமண் எடுத்துக்கொண்டு வரும் என் மகன், ஓர் ஆள் ஆழம்கூட இறங்க முடியாமல் சுழன்றுகொண்டிருந்தான்.

"மெதந்துகினே கீறான் சாமி! கடலுக்குப் போனா நேரா சிலோன்லதான் போய் நிப்பான்!"

ஏகாம்பரம் சிரிக்கவில்லை. "கல்லு எடுத்தாங்கடா, ஜல்தி!" என்றார். பக்கத்துக் களத்தில் நெல் எடை போட்டுக்கொண்டிருந்தவர்களிடமிருந்து இரும்பு எடைக்கற்கள் வந்தன. ஜெரோமைப் படியில் ஏற்றி, கற்களைக் கயிற்றில் கோத்து, இடுப்பைச் சுற்றிக் கட்டினார். நெசவுக்காரர் இழைக்குப் போடுகிற முடிச்சு அது; கடை வைப்பதற்கு முன் அவரும் தறியில் உட்கார்ந்தவர். இழுக்க இழுக்க இறுகும். தன் கையால் போட்டதால் அவருக்கு அதில் பெருமை வேறு.

நான் படியிறங்கிப் போனேன்.

"மிஸ்டர் ஏகாம்பரம், அந்த முடிச்ச அவுருங்க."

"கட்டினா எறங்கிடுவான் டீச்சர்."

"எறங்குவான். ஏறும்போது அத யாரு அவுப்பா? நீங்க உள்ள வருவீங்களா?"

"சும்மா பயந்துகினு... ஒரு நொடியில அவுக்கலாம்."

"அவுத்துக் காட்டுங்க. இங்கேயே, வெளிச்சத்துல."

குனிந்தார். கயிறு நனைந்திருந்தது. நகத்தால் நெம்பினார், பல்லால் கடித்தார். முடிச்சு இறுகியதே தவிர இளகவில்லை. மேலே இருந்தவர்களின் சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது. ஆரணியிலேயே கைதேர்ந்தவை என்று பெயர் எடுத்த விரல்கள், என் மகனின் இடுப்பில், பட்டப்பகலில், மூச்சுவிட நல்ல காற்று இருக்கும்போதே, தோற்றுக்கொண்டிருந்தன. கடைசியில் புல் அறுத்துக்கொண்டிருந்த பெண்ணின் அரிவாளை வாங்கித்தான் கயிற்றை அறுத்தார்கள். கற்கள் படியில் உருண்டு கிணற்றில் விழுந்தன. அவை போன வேகத்தை எல்லாரும் பார்த்தோம். அவரும் பார்த்தார்.

ஏகாம்பரம் கிணற்று மேட்டில் உட்கார்ந்து, வேட்டி நுனியால் முகத்தை மூடிக்கொண்டார். நான் அவருக்கு ஆறுதல் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் தனியாகச் சென்னைக்குப் போனவர், பொழுது சாய்வதற்குள் அந்த மெல்லிய உடுப்போடு என் வாசலில் நின்றார். மடிக்கவில்லை. கைக்குழந்தையை ஏந்துவதுபோல் இரண்டு கைகளிலும் ஏந்தியே பஸ்ஸில் வந்திருக்கிறார்.

"அந்தப் பேப்பர இன்னொரு வாட்டி படிங்க டீச்சர்."

படித்தேன். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, ஜெரோமைக் கையைத் தூக்கச் சொன்னார், குந்தச் சொன்னார், எச்சிலை விழுங்கச் சொன்னார். கழுத்தை நெரிக்கவில்லை. அக்குளிலும் நடுமுதுகிலும் விரலால் கிள்ளிப் பார்த்தார். கிள்ள ஒன்றும் அகப்படவில்லை.

"பிடிச்சிகினு கீது. சரிதான்" என்று முணுமுணுத்தார்.

உடுப்பு என் வீட்டு ஆணியில், மாட்டியில் தொங்கியது. தினமும் வந்து எட்டிப் பார்ப்பார். "ஆளு தொங்கறாப்ல கீது டீச்சர், பாத்தா பகீர்னுது. ஒரு துணி போட்டு மூடுங்களேன்." நான் மூடவில்லை.

ஜெரோம் தேறினான். இன்றும் கடலடியில்தான் அவனுக்கு வேலை. கல்லாவில் வேறொரு பையன் உட்கார்ந்தான்.

ஆனால் ஏகாம்பரம் திருந்தினார் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரே மாதத்தில் கதை மாறிவிட்டது. தடியானதைத் தலையில் கட்டப் பார்த்தவர் கடைக்காரராம். தொட்டதும் இதுதான் என்று மெல்லியதைப் பிடித்தவர் ஏகாம்பரமாம். களம்பூர் வரை இந்தக் கதை போயிற்று. ஜெரோமைப் பார்க்க மண்டபத்துக்கு வந்தபோது கடற்கரையில் நின்று அங்குள்ளவர்களுக்கும் சொன்னார். பட்டு வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஜரிகையில் உப்புத் தண்ணீர் பட்டுவிடும் என்று அலைக்குப் பத்தடி தள்ளி நின்று சொன்னார். இப்போது சுவரொட்டியும் சொல்கிறது. நான் அருகில் இருக்கும்போது மட்டும் கதையைச் சுருக்கிக்கொள்வார். அந்த அளவு மரியாதை தெரிந்தவர்.

தடியான உடுப்பு என்ன ஆயிற்று என்று ஒருவரும் எழுதப் போவதில்லை. அதைத் தூக்கி எறிய அவருக்கு மனம் வரவில்லை. ஒருநாள் கத்தரிக்கோலை எடுத்து, கோடு விழாத இடம் தேடி, முதுகுப் பக்கத்தில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டு வந்தார். ஓரத்தைப் பட்டு நூலால் கமலம்மா கட்டித் தைத்திருந்தார்.

"கோயில்ல முட்டி போட்டா வலிக்குதுன்னு சொன்னீங்களே. இதுக்காச்சும் தடிமன்தான் நல்லதுன்னு ஒத்துக்கோங்க டீச்சர்."

"நன்றி, மிஸ்டர் ஏகாம்பரம்."

"ஒத்துக்கிட்டீங்களா?"

"நன்றின்னு சொன்னேன்."

அன்று முதல், நான் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பூசைக்குப் போகும் ஒவ்வொரு காலையும், தன் கடைப் படியிலிருந்து, "இன்னா டீச்சர், கனம் பொய் சொல்லிச்சா?" என்று கேட்பார். நான் "குட் மார்னிங்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடந்துபோவேன். இத்தனை ஆண்டுகளில் ஒருநாளும் அவர் எதிர்பார்த்த பதிலை நான் கொடுக்கவில்லை.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்த ஒரு துண்டு ரப்பர்தான். சென்ற ஞாயிறு கடையைக் கடந்தபோது படி காலியாக இருந்தது. யாரும் கேட்கவில்லை. கோயிலில் வழக்கமான இடத்தில் அதைப் போட்டு மண்டியிட்டேன். சிமெண்டுத் தரையின் குளிர் முட்டியைத் தொடவில்லை. கடலுக்கு மூன்றுதான். அதில் மாற்றம் இல்லை. எங்கள் கோயில் தரைக்கு ஏழு மில்லிமீட்டர்தான் சரி, மிஸ்டர் ஏகாம்பரம். ஒப்புக்கொள்கிறேன்.