ருக்மணி படித்த மருந்துத் தாள்

முதல் நாள்

கேத்தியில் பெண்களுக்கான ஆங்கில எழுத்தறிவு வகுப்பு தொடங்கிய அன்று, நான் வேலை பார்க்கும் தொண்டு நிறுவனத்தில் கொடுத்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு குன்னூரிலிருந்து பஸ்ஸில் போனேன். பெட்டி நிறைய வண்ணப் படம் போட்ட ஆங்கிலப் பாட அட்டைகள். ஆப்பிள், பொம்மை, பந்து. வகுப்புக்கு வந்திருந்தவர்களோ காரட்டும் கோஸும் பயிரிடும் வீட்டுப் பெண்கள். பகல் முழுக்கத் தோட்டத்தில் குனிந்து வேலை செய்துவிட்டு, ஸ்வெட்டருக்கு மேல் சால்வையும் போர்த்திக்கொண்டு சமுதாயக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

நான் பந்துப் படத்தைக் காட்டி, “பால்” என்றேன். முன்னால் இருந்த ருக்மணி கையைத் தூக்கினார்.

“ஏனுங்க டீச்சர், இந்தப் பந்தை வெச்சுட்டு நாங்க என்னங்க பண்றது?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் திரும்பி வரும்போது பெட்டி இரண்டு மடங்கு கனத்தது. அடுத்த வகுப்பில் அதைத் திறக்கவே இல்லை. “இங்கிலீஷ் உங்களை எங்கே எல்லாம் நிறுத்துது, சொல்லுங்க” என்று மட்டும் கேட்டேன். மாத்திரை அட்டை என்றார் ஒருவர். விதை பாக்கெட், ஆஸ்பத்திரி போர்டு, ஏ.டி.எம். மெஷின், பிள்ளையின் ஸ்கூலிலிருந்து வரும் மெசேஜ் என்று வரிசையாகச் சொன்னார்கள்.

“அதையெல்லாம் கொண்டாங்க. அதுதான் நம்ம புஸ்தகம்” என்றேன்.

காசில்லாத பாடப்பொருள்

புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, ஃபண்ட் எங்கே கிடைக்கும் என்பதுதான். கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டாலும் வகுப்பு நிற்காது.

தினசரி காலண்டரில் கிழித்த தாள் எண்களைக் கற்றுத்தர மிக நல்லது. முன்பக்கம் பெரிய எண், பின்பக்கம் எழுதிப் பார்க்க வெற்றிடம். பழைய கல்யாணப் பத்திரிகையின் கெட்டி அட்டையை வெட்டினால் எழுத்து அட்டை ஆகிவிடும். மாத்திரை அட்டையில் ஈ, எக்ஸ், பி என்ற மூன்று எழுத்தைத் தேடிக் கண்டுபிடித்து, பக்கத்திலிருக்கும் காலாவதித் தேதியைப் படிப்பது ஒரு முழு வகுப்புக்குப் போதும். அன்று வீட்டுக்குப் போய்ப் பழைய மாத்திரைகளை எல்லாம் அள்ளி வெளியே போட்டதாக ஒரு அம்மா பெருமையோடு சொன்னார். பலகையில் எழுதி வாசித்ததை என் குரலில் பதிவு செய்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுவேன். பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்பார்கள்.

ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்தேன். ஒருமுறை ஒருவர் காலிப் பூச்சி மருந்து பாட்டிலையே கொண்டு வந்துவிட்டார். அதை வெளியே வைக்கச் சொல்லி, எல்லோரையும் சோப்புப் போட்டுக் கை கழுவ வைத்தேன். பாட்டில் வேண்டாம், பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாள் மட்டும் போதும் என்றேன்.

அப்படித்தான் ருக்மணி அந்தத் தாளைக் கொண்டு வந்தார்.

கோஸுக்கு அடிக்கும் பூச்சி மருந்தின் தாள் அது. பொடி எழுத்து. போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படித்தோம். ‘வெயிட்டிங்’ என்ற சொல்லை ருக்மணி உடனே பிடித்துவிட்டார். ஆஸ்பத்திரியில் பார்த்த சொல். அடுத்தது ‘பீரியட்’. அது மகளின் ஸ்கூல் டைம்டேபிளில் இருந்தது.

“காத்திருக்கற பீரியடுங்களா டீச்சர்?”

“ஆமாங்க. மருந்து அடிச்ச பிறகு, இத்தனை நாள் கழிச்சுத்தான் அறுக்கணும்னு அர்த்தம்.”

அவருடைய விரல் கட்டத்தில் நகர்ந்து கோஸ் வரிசைக்குப் போய், ஏழு என்ற எண்ணில் நின்றது. முகம் மாறிவிட்டது.

“முந்தாநேத்துத்தான் அடிச்சமுங்க. நாளைக்குக் காலையில வெட்டறோம்.”

பின்னாலிருந்து ஒருவர், “எல்லாரும் அப்படித்தானுங்க வெட்டறாங்க. லாரி சொல்லியாச்சுன்னா என்ன பண்றது?” என்றார். ருக்மணி தாளை மடித்து ஸ்வெட்டர் பைக்குள் வைத்துக்கொண்டார்.

லாரி வந்த காலை

மறுநாள் விடிந்ததும் போன் அடித்தது.

“டீச்சருங்களா? ருக்மணி ஊட்டுக்காரன் நடராஜ் பேசறேன். என்னத்தைங்க சொல்லிக் குடுத்தீங்க அவளுக்கு? லாரி வந்து நிக்குது. இவ கோஸ் வெட்டற கத்தி எல்லாத்தையும் எடுத்து ஒளிச்சு வெச்சுட்டா!”

கிடைத்த முதல் பஸ்ஸில் ஏறினேன். வழியெல்லாம் ஒரே யோசனை. நடராஜ் தன் மனைவியை வகுப்புக்கு அனுப்ப மறுத்தால், மற்ற வீட்டுக்காரர்களும் மறுப்பார்கள். எழுதப் படிக்க அனுப்பினால் வீட்டில் சண்டைதான் வரும் என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், வகுப்பு முடிந்தது. இது உங்கள் குடும்ப விஷயம், நான் எழுத்து மட்டும்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று ஒதுங்கிக்கொள்ளலாம். அந்த எண்ணமும் வந்தது.

தோட்டத்தில் கோஸ் நன்றாகக் கட்டிப்பட்டு, பனி ஈரத்தோடு நின்றது. மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போக வேண்டிய லாரி சாலையில் நின்றது. ருக்மணி வரப்பில் உட்கார்ந்திருந்தார். நடராஜ் என்னைப் பார்த்ததும், “நீங்களே சொல்லுங்க டீச்சர், வெட்டச் சொல்லி” என்றார்.

“அவங்க படிச்சது சரிதானுங்க” என்றேன்.

“சரியாவே இருக்கட்டுமுங்க. இந்த வாரம் ரேட் இருக்குது. அடுத்த வாரம் விழுந்துட்டா நீங்க குடுப்பீங்களா?”

தோட்டக்கலை அதிகாரிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன். அவர் மருந்தின் பெயரைக் கேட்டுவிட்டு, “அந்த அம்மா படிச்சது கரெக்டுங்க. இன்னைக்கு வெட்டாதீங்க” என்றார்.

நடராஜ் அசரவில்லை. “அவருக்கென்னங்க, மாசமானா சம்பளம் வந்துரும்.”

ருக்மணி வரப்பிலிருந்து எழுந்து நின்றார்.

“ஏனுங்க, நேத்துப் பாப்பா கோஸ் பொரியல் கேட்டப்ப என்ன சொன்னீங்க? மருந்தடிச்சது வேண்டாம், ஊட்டுக்குப் பின்னால இருக்கற பாத்தியில பறின்னு சொன்னீங்கல்ல? மண்டியில வாங்கிட்டுப் போறவங்க ஊட்லயும் பாப்பா இருக்குமுங்க. அவங்களுக்குப் பின்னால பாத்தி எங்கிருக்குதுங்க?”

நடராஜ் தலைத்துண்டை அவிழ்த்து உதறிக்கொண்டு லாரியை நோக்கி நடந்தார். டிரைவரிடம் என்ன சொன்னாரோ தெரியாது. லாரி கீழ்த் தோட்டத்துக் காரட்டை ஏற்றிக்கொண்டு போனது.

அதன் பிறகு

அடுத்த வாரம் விலை இறங்கத்தான் செய்தது. தலையில் கை வைக்கும் அளவுக்கு இல்லை, ஆனால் நஷ்டம் நஷ்டம்தான். கோஸ் வெட்டிய நாளில் நான் போய் மாலை வரை மூட்டை பிடித்தேன். நடராஜ் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ருக்மணியும் சில வகுப்புகளுக்கு வரவில்லை. அவ்வளவுதான் என்று நினைத்திருந்தபோது, ஒரு மாலை வழக்கம்போல் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை.

காரட் பட்டம் வந்த சமயம், வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது அவருடைய போன் ஒலித்தது. ஊட்டியில் பூச்சி மருந்துக் கடையிலிருந்து நடராஜ் ஒரு படம் அனுப்பியிருந்தார். கூடவே குரல் பதிவு. ருக்மணி கூச்சப்படாமல் அதை எல்லோருக்கும் கேட்கும்படி போட்டார்.

“ருக்கு, இதுல காரட்டுக்கு வெயிட்டிங் எத்தனைன்னு பாத்துச் சொல்லு. கடைக்காரர் ஒண்ணுமில்லைங்கறார். நீ பாத்துச் சொன்னாத்தான் வாங்குவேன்.”

வகுப்பே அந்தப் போனைச் சுற்றிக் கூடிவிட்டது.

பாடப்பொருளுக்குக் காசு வேண்டியதில்லை, குப்பையில் போடும் தாளே போதும். செலவெல்லாம், படித்ததை நம்பி நடப்பவருக்குத்தான். அந்தச் செலவில் நாமும் கொஞ்சம் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆகவே இப்போது ஒரு தாளை வகுப்புக்குள் கொண்டுபோகுமுன் எனக்கு நானே ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன்: இதைப் படித்து யாராவது நாளைக் காலையில் ஒரு முடிவெடுத்தால், நான் முதல் பஸ்ஸில் ஏறிப் போவேனா? போவேன் என்றால் மட்டும்தான் பலகையில் எழுதுகிறேன்.